ஏற்காடு விடுதிப் பலகையில் ஐந்து 'ஒன்லி': எது நிற்கும், எது போகும்?

லூப்ரோடு விடுதி

வணக்கங்க. மே மாசம் கோடை விழாக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி விடுதியோட அறிவிப்புப் பலகையை மாத்தணும். வெளிமாநிலத்துக்காரங்க, வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் வர்றாங்க. அதனால ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். தமிழ் வாசகம் இது:

1. வாகனங்களைப் பின்பக்க வளாகத்தில்தான் நிறுத்த வேண்டும்.
2. முன்பணம் கட்டிய பிறகுதான் அறை ஒதுக்கப்படும்.
3. சமையலறை: ஊழியர்கள் மட்டும்.
4. 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் மட்டுமே முன்பணம் திரும்பக் கிடைக்கும்.
5. எங்கள் தோட்டத்துக் காபியைத்தான் இங்கே தருகிறோம்.

இங்கிலீஷ்ல எழுதினப்ப அஞ்சுலயும் 'ஒன்லி' வந்து உட்கார்ந்திருக்கு:

1. பார்க் வெஹிக்கிள்ஸ் இன் ரியர் யார்ட் ஒன்லி.
2. பே அட்வான்ஸ், தென் ஒன்லி ரூம் வில் பி அலாட்டட்.
3. ஸ்டாஃப் ஒன்லி.
4. அட்வான்ஸ் வில் பி ரீஃபண்டட் ஒன்லி இஃப் கேன்சல்ட் 48 அவர்ஸ் பிஃபோர்.
5. வீ சர்வ் அவர் எஸ்டேட் காஃபி ஒன்லி.

இதுல எது சரி, எதை மாத்தணும், ஏன்னு சொல்லுங்க. பெயின்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி முடிவு பண்ணணும்.

அஸ்தம்பட்டி டிடிபி

மூணாவதைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். முதலாவதும் தப்பில்லை, கொஞ்சம் சீர்படுத்தலாம். ரெண்டாவதைக் கண்டிப்பா மாத்தணும். 'தென் ஒன்லி' நம்ம ஊருக்கு வெளியே தடுக்கும். நாலாவது இலக்கணப்படி சரி. ஆனா பணத் தகராறு வர்ற இடம் அதுதான். அஞ்சாவதைப் படிக்கிறவர் 'இங்க டீ கிடைக்காதா?'ன்னு கேட்பார்.

கருப்பூர் ஆசிரியை

ஐந்தையும் தனித்தனியாகத் திருத்துவதற்கு முன் வேரைப் பார்த்துவிடலாம். வேர் தெரிந்துவிட்டால் ஆறாவது வாக்கியத்தை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

ஆங்கிலத்தில் 'ஒன்லி' செய்கிற வேலை ஒன்றே: விலக்குவது. அந்தச் சொல் வந்தால், வேறு ஏதோ ஒன்று வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும். 'ஒன்லி ரவி கேம்' என்றால் ரவி வந்தான், மற்றவர்கள் வரவில்லை. இரண்டு செய்திகள் அதில் உண்டு. இரண்டாவது செய்தி உங்கள் மனத்தில் இல்லாவிட்டால் 'ஒன்லி' போடக் கூடாது.

தமிழில் 'தான்' அப்படியல்ல. இரண்டு வேலை செய்கிறது.

'இருபது பேர்தான் வந்தாங்க.' இங்கே 'தான்' விலக்குகிறது; அதற்கு மேல் வரவில்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 'ஒன்லி டுவென்டி பீப்பிள் கேம்.' பொருத்தம்.

'நான் சேலத்துலதான் இருக்கேன்.' இங்கே எதுவும் விலக்கப்படவில்லை. எங்கே என்று கேட்டவருக்கு இடத்தை உறுதியாகச் சுட்டுகிறது, அவ்வளவே. 'ஐ ஆம் இன் சேலம் ஒன்லி' என்று எழுதினால், வெளியூர் ஆங்கிலம் பேசுபவர் எது விலக்கப்பட்டது என்று தேடுவார். கிடைக்காது. 'ஐ ஆம் இன் சேலம்' போதும். பேசும்போது சேலம் என்ற சொல்லில் குரலை அழுத்தினால் 'தான்' வந்துவிடும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. தமிழ் வாக்கியத்தில் 'தான்' இருக்கும் இடத்தில் 'மட்டும்தான்' போட்டுப் படியுங்கள். பொருள் மாறாமல் நின்றால் 'ஒன்லி' வரலாம். 'இருபது பேர் மட்டும்தான் வந்தாங்க': நிற்கிறது. 'சேலத்துல மட்டும்தான் இருக்கேன்': நிற்கவில்லை, ஒருவர் ஒரே நேரத்தில் பல ஊரில் இருக்க முடியாது. ஆகவே 'ஒன்லி' வேண்டாம்.

உங்கள் பலகைக்கு: 'பின்பக்க வளாகத்தில் மட்டும்தான் நிறுத்த வேண்டும்' நிற்கிறது. 'கட்டிய பிறகு மட்டும்தான் ஒதுக்கப்படும்' நிற்கிறது. ஐந்தாவதில் 'தோட்டத்துக் காபியை மட்டும்தான் தருகிறோம்' என்றதும் பொருள் திரிந்துவிடுகிறது. டீயும் இல்லை, இட்லியும் இல்லை என்றாகிறது. நீங்கள் சொல்ல வந்தது காபி எங்கிருந்து வருகிறது என்பது. அதை நேராகச் சொல்லுங்கள்: 'தி காஃபி வீ சர்வ் ஈஸ் க்ரோன் ஆன் அவர் ஓன் எஸ்டேட்.'

ஆத்தூர் இலக்கணம்

ஆசிரியை சொன்ன இந்தப் பிரிவு தமிழ் இலக்கணத்தில் பழையது. தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. இங்கே நமக்கு வேண்டியவை இரண்டு. பிரிநிலை ஏகாரம் ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து நிறுத்தும்: 'அவர்களுள் இவனே கள்வன்.' தேற்ற ஏகாரம் ஐயம் இல்லை என்று உறுதி செய்யும்: 'உண்டே மறுமை.'

இன்றைய பேச்சில் அந்த இரண்டு வேலையையும் பெரும்பாலும் 'தான்' எடுத்துக்கொண்டது. ஆங்கில 'ஒன்லி' பிரிநிலைக்குச் சரி. தேற்றத்துக்கு அதைப் போட்டால் பிழை. இந்தியில் 'ஹீ' என்ற சொல்லும் இதே இரட்டை வேலையைச் செய்வதால் வடக்கேயும் அதே வழக்கு உண்டு. சேலத்துக்காரர் மட்டும் செய்யும் பிழை இல்லை.

ஏகாரத்தை அப்படியே பெயர்க்கும்போது 'ஒன்லி'யோடு 'இட்செல்ஃப்' என்ற சொல்லும் வந்து ஒட்டும். 'இன்றே அனுப்புகிறேன்' என்பது 'டுடே இட்செல்ஃப்' ஆகிறது. கடிதத்தில் 'பை தி எண்ட் ஆஃப் டுடே' என்று காலக்கெடுவாக எழுதுவதே தெளிவு.

நாகலூர் காபி

எளிதான விதி ஒன்று போதும் என்று நினைக்கிறேன். 'ஒன்லி' சொல்லுக்குப் பின்னால் வந்தால் தப்பு, முன்னால் வந்தால் சரி. எஸ்டேட் கடிதங்களில் அதைத்தான் கடைப்பிடிக்கிறோம்.

அஸ்தம்பட்டி டிடிபி

அந்த விதி நிற்காதுங்க. 'லேடீஸ் ஒன்லி', 'ஸ்டாஃப் ஒன்லி', 'ஃபார் ஆஃபீஸ் யூஸ் ஒன்லி', 'திஸ் டிக்கெட் ஈஸ் வேலிட் ஃபார் ஒன் பர்சன் ஒன்லி' எல்லாத்துலயும் பின்னாலதான் வருது. இங்கிலாந்துல அச்சடிக்கிற பலகையிலயும் அப்படியே. வினைச்சொல் இல்லாத அறிவிப்புல பின்னால வர்றதே வழக்கம். 'ஒன்லி ஸ்டாஃப்'னு கதவுல எழுதினா அதுதான் அரைகுறையா தெரியும்.

'சேலம் ஒன்லி' தப்பாகிறதுக்கு இடம் காரணம் இல்லை. விலக்க எதுவும் இல்லாததே காரணம். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

கருப்பூர் ஆசிரியை

சரியான வேறுபாடு. இன்னொன்றும் சேர்க்கிறேன். முன்னால் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. எதற்கு முன்னால் என்பது முக்கியம். ஒரே வாக்கியத்தில் இடம் மாற்றிப் பாருங்கள்:

'ஒன்லி தி மேனேஜர் செக்ட் தி பில்ஸ் ஆன் ஃப்ரைடே.' மேலாளர் மட்டும், கணக்கர் பார்க்கவில்லை.

'தி மேனேஜர் ஒன்லி செக்ட் தி பில்ஸ் ஆன் ஃப்ரைடே.' சரிபார்த்தார், அவ்வளவுதான், கையெழுத்து போடவில்லை. அல்லது வெள்ளிக்கிழமைதான் பார்த்தார். அல்லது பில்லைத்தான் பார்த்தார். எழுத்தில் மூன்றுக்கும் இடம் உண்டு.

'தி மேனேஜர் செக்ட் ஒன்லி தி பில்ஸ் ஆன் ஃப்ரைடே.' பில்லை மட்டும், சரக்கைப் பார்க்கவில்லை.

'தி மேனேஜர் செக்ட் தி பில்ஸ் ஒன்லி ஆன் ஃப்ரைடே.' வெள்ளிக்கிழமைதான், அதற்கு முன் பார்க்கவில்லை.

இரண்டாவது இடம், அதாவது வினைக்கு முன் இடம், ஆங்கிலப் பேச்சில் இயல்பானது. துணைவினை இருந்தால் அதன் பின்னால், இல்லாவிட்டால் முதன்மை வினைக்கு முன்னால் அது தானாக வந்து நிற்கும். 'ஐ ஒன்லி டிரிங்க் ஃபில்டர் காஃபி' என்று பேசுபவர் காஃபியில் குரலை அழுத்துவார், கேட்பவருக்குப் புரிந்துவிடும். இதைப் பிழை என்று மாணவர் பேச்சில் திருத்துவது வீண் வேலை. நடைக் கையேடு எழுதிய ஃபௌலரே 1926-இல் இந்தக் கெடுபிடியை எதிர்த்தவர்.

எழுத்தில் குரல் இல்லை. அறிவிப்பு, விதி, ஒப்பந்தம் மூன்றிலும் எதை விலக்குகிறீர்களோ அதற்கு ஒட்டி முன்னால் வையுங்கள். கடிதத்திலும் உரையாடலிலும் இயல்பாக விடுங்கள்.

நாகலூர் காபி

ஒப்பந்தத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வாசகம்: 'தி பையர் ஷல் ஒன்லி பே ஃபார் தி பீன்ஸ் டெலிவர்ட் பை 31 மார்ச்.' வாங்குபவர் பணம் மட்டும் தருவார், வண்டி வாடகை அவர் பொறுப்பில்லை என்று ஒரு பக்கம் படிக்கலாம். மார்ச் 31-க்குள் வந்த கொட்டைக்கு மட்டும் பணம் என்று மறுபக்கம் படிக்கலாம். கொட்டைக்குப் பணம், சாக்குக்கு இல்லை என்றும் படிக்கலாம்.

'ஷல் பே ஒன்லி ஃபார் தி பீன்ஸ் டெலிவர்ட் பை 31 மார்ச்' என்று நகர்த்தினால் முதல் பொருள் போய்விடும். மற்ற இரண்டும் மிச்சம் இருக்கும். இதற்கு என்ன தீர்வு?

அஸ்தம்பட்டி டிடிபி

அங்க 'ஒன்லி'யை எடுத்துடுங்க. விலக்குறதைத் தனி எதிர்மறை வாக்கியமா எழுதுங்க: 'தி பையர் ஷல் பே ஃபார் பீன்ஸ் டெலிவர்ட் ஆன் ஆர் பிஃபோர் 31 மார்ச். தி பையர் ஷல் நாட் பே ஃபார் பீன்ஸ் டெலிவர்ட் ஆஃப்டர் தட் டேட்.' சாக்குக்குப் பணம் உண்டா இல்லையாங்கிறதுக்கு இன்னொரு வரி. நீளம் கூடும், ஆனா சண்டைக்கு இடம் இல்லை. பணம், தேதி, பொறுப்பு இந்த மூணும் வர்ற வாக்கியத்துல 'ஒன்லி'யை நம்பி விடக் கூடாது.

'பை 31 மார்ச்'ங்கிறதுல அந்த நாள் சேருமா சேராதான்னும் கேள்வி வரும். 'ஆன் ஆர் பிஃபோர்' போட்டா அதுவும் தீரும்.

லூப்ரோடு விடுதி

அப்படின்னா என் நாலாவது வாக்கியமும் அந்த வகைதானே? ரத்து, முன்பணம்.

ஐந்துரோடு பயிற்சி

ஆமாம். அங்கே 'ஒன்லி இஃப்' இருப்பதால் சிக்கல் இன்னும் கூடுதல். 'இஃப்', 'ஒன்லி இஃப்' இரண்டும் வேறு.

'இஃப் யூ கேன்சல் 48 அவர்ஸ் பிஃபோர், வீ வில் ரீஃபண்ட்' என்பது வாக்குறுதி. நிபந்தனையை நிறைவேற்றினால் பணம் வந்தே தீர வேண்டும்.

'வீ வில் ரீஃபண்ட் ஒன்லி இஃப் யூ கேன்சல் 48 அவர்ஸ் பிஃபோர்' என்பது வரம்பு. அதற்குப் பின் ரத்து செய்தால் பணம் இல்லை என்பது உறுதி. முன்னால் செய்தால் பணம் நிச்சயம் என்று தர்க்கப்படி அது சொல்லவில்லை. வேறு நிபந்தனையும் இருக்கலாம். கணிதத்தில் தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்று பிரிப்பது இதைத்தான். இரண்டும் வேண்டும்போது 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்று எழுதுவார்கள்.

விருந்தினர் உங்கள் வாக்கியத்தை வாக்குறுதியாகவே படிப்பார். விடுதி நிர்வாகம் வரம்பாகப் படிக்கும். முழுப் பணமா, பிடித்தம் போகவா என்பதும் அதில் இல்லை. எதற்கு 48 மணி நேரம் முன்பு என்பதும் இல்லை. இப்படி எழுதலாம்: 'கேன்சல் அட் லீஸ்ட் 48 அவர்ஸ் பிஃபோர் செக்-இன் ஃபார் எ ஃபுல் ரீஃபண்ட். நோ ரீஃபண்ட் ஆஃப்டர் தட்.' தமிழ்ப் பக்கத்திலும் 'அறைக்கு வரும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்' என்று சேர்த்துவிடுங்கள். குறை அங்கேயும் இருக்கிறது.

கருப்பூர் ஆசிரியை

'ஒன்லி இஃப்' வந்துவிட்டதால் 'இஃப் ஒன்லி'யையும் சொல்லிவிட வேண்டும். திருப்பிப் போட்டால் பொருள் முற்றிலும் வேறு. அது ஏக்கம், நடக்காததை நினைத்து வருந்துவது. 'இஃப் ஒன்லி யூ ஹாட் கம்!' தமிழில் இதற்கு நேரான வழக்கு 'மட்டும்'தான்: 'நீ மட்டும் வந்திருந்தா!' இந்த 'மட்டும்' யாரையும் விலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஒன்லி யூ ஹாட் கம்' என்று எழுதினால் வாக்கியமே உடையும்.

இறந்தகாலத்து வருத்தத்துக்கு 'ஹாட்' சேர்ந்த வடிவம், இப்போதைய ஆசைக்கு 'ஹாட்' இல்லாத இறந்தகால வடிவம்: 'இஃப் ஒன்லி இட் வேர் நாட் ரெயினிங்.' மழை இப்போது பெய்துகொண்டிருக்கிறது.

ஆத்தூர் இலக்கணம்

'மட்டும்' என்பதன் அடி 'மட்டு'. அளவு, எல்லை என்று பொருள். 'இம்மட்டும்' என்றால் இதுவரை. ஓர் எல்லை கட்டினால் அதற்கு வெளியே உள்ளது தானே விலகும். விலக்கும் பொருள் அங்கிருந்து வருகிறது. ஆங்கிலச் சொல்லின் அடி வேறு: பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண்ணோடு 'போன்ற' என்ற பின்னொட்டு சேர்ந்து பிறந்தது. 'ஒன்' என்ற எண் பின்னாளில் 'வன்' என்று ஒலி மாறியது. 'ஒன்லி'யும் 'அலோன்' என்ற சொல்லும் பழைய உயிரொலியை வைத்துக்கொண்டன. அதனால் உச்சரிப்பு நெடிலோடு 'ஓன்லி'. நாம் குறிலில் எழுதிப் பழகிவிட்டோம்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

காசோலையில் வர்ற 'ஒன்லி'யை யாரும் தொடலை. 'ரூபீஸ் ஃபைவ் தவுசண்ட் ஒன்லி', தமிழ்ல 'ரூபாய் ஐந்தாயிரம் மட்டும்'. இது குறைவான தொகைன்னு சொல்றதுக்கு இல்லை. தொகை இங்கே முடிஞ்சதுன்னு அடைக்கிறதுக்கு. 'ஃபைவ் தவுசண்ட்' பக்கத்துல இடம் விட்டா 'நைன் ஹண்ட்ரட்' சேர்க்க முடியும். 'ஒன்லி' வந்துட்டா அதுக்கு மேல எழுத வழி இல்லை.

எழுதுற முறை: எழுத்துத் தொகையைக் கோட்டோட இடது ஓரத்துலயே தொடங்குங்க. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல பெரிய இடைவெளி வேண்டாம். 'ஒன்லி' எழுதின பிறகு மிச்ச இடத்துல கோடு இழுத்துடுங்க. எண்ணுல '5,000/-'ன்னு கடைசியில கோடு போடுறதும் அதே வேலைக்குத்தான். 'ஒன்லி' எழுதலைன்னு காசோலை செல்லாமப் போகாது. ஆனா எழுதாம விடாதீங்க.

எழுத்துல ஏன் இவ்வளவு கவனம்னா, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 18 படி எண்ணும் எழுத்தும் வேறுபட்டா எழுத்துல உள்ள தொகைதான் கணக்கு. நடைமுறையில வங்கி அப்படிப்பட்ட காசோலையைத் திருப்பி அனுப்புறதே வழக்கம்.

இடது மேல் மூலையில ரெண்டு கோட்டுக்கு நடுவுல எழுதுற 'அக்கவுண்ட் பேயி ஒன்லி' வேற. அது உண்மையான விலக்கு: பேர் போட்டவரோட கணக்குல மட்டும் வரவு வைக்கணும், இன்னொருத்தர் கணக்குல வைக்கக் கூடாது. ஒரே காசோலையில ரெண்டு 'ஒன்லி', ரெண்டு வேலை.

ஐந்துரோடு பயிற்சி

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதே சொல்லில் அதிகம் மதிப்பெண் போகும் இடம், வாக்கியத் தொடக்கம். பிழை திருத்தும் கேள்வியில் அடிக்கடி வரும்.

'ஒன்லி' ஒரு காலத்தையோ நிபந்தனையையோ வழியையோ கூட்டிக்கொண்டு முதலில் வந்தால், முக்கிய வாக்கியத்தில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும். 'ஒன்லி ஆஃப்டர் தி டுவென்டியத் பெண்ட் டிட் தி ஃபாக் லிஃப்ட்.' ஏற்காடு மலைப்பாதையின் இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்கு அப்புறம்தான் மூடுபனி விலகியது.

பலர் தவறுவது இரண்டு துண்டு உள்ள வாக்கியத்தில். 'ஒன்லி வென் டிட் தி பஸ் ஸ்டாப், வீ காட் டவுன்' என்று முதல் துண்டைத் திருப்பிவிடுவார்கள். திரும்ப வேண்டியது இரண்டாவது துண்டு: 'ஒன்லி வென் தி பஸ் ஸ்டாப்ட் டிட் வீ கெட் டவுன்.' 'டிட்' வந்ததும் வினை மூல வடிவத்துக்குப் போகிறது என்பதையும் பாருங்கள்.

எழுவாயையே 'ஒன்லி' பிடித்திருந்தால் எதுவும் திரும்பாது: 'ஒன்லி தி டிரைவர் நோஸ் தி ரோட்.' 'ஒன்லி டஸ் தி டிரைவர் நோ' என்று ஒரு விருப்பத் தெரிவு இருந்தால் உடனே அடித்துவிடலாம்.

விதிவிலக்கு ஒன்று. 'ஒன்லி யெஸ்டர்டே ஹி வாஸ் லாஃபிங் வித் அஸ்.' திரும்பவில்லை, ஆனாலும் சரி. இங்கே பொருள் 'நேற்றுகூடச் சிரித்துக்கொண்டிருந்தார்', அவ்வளவு அண்மையில். 'ஒன்லி யெஸ்டர்டே டிட் ஹி பே' என்றால் 'நேற்றுதான் கட்டினார்', அதுவரை கட்டவில்லை. தமிழில் 'கூட' வந்தால் திருப்பாதே, 'தான்' வந்தால் திருப்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

கருப்பூர் ஆசிரியை

'தென் ஒன்லி'யின் திருத்தமும் இதிலேயே இருக்கிறது. 'அப்பதான்' என்பதை வரிசை மாறாமல் பெயர்ப்பதால் 'தென் ஒன்லி' வருகிறது. ஆங்கிலத்தில் அது 'ஒன்லி தென்', கூடவே துணைவினை முன்னால்: 'ஒன்லி தென் வில் எ ரூம் பி அலாட்டட்.' பலகைக்கு இது கனம் அதிகம். 'ரூம்ஸ் ஆர் அலாட்டட் ஒன்லி ஆஃப்டர் தி அட்வான்ஸ் ஈஸ் பெய்ட்' என்று நேர் வரிசையில் எழுதுங்கள்.

'இப்பதான்' என்பதற்கு 'நவ் ஒன்லி' வேண்டாம். 'ஐ ஹேவ் ஜஸ்ட் ரீச்ட்.' 'அவர் அப்படித்தான்' என்பதற்கு 'ஹி ஈஸ் லைக் தட் ஒன்லி' வேண்டாம். 'தட் ஈஸ் ஜஸ்ட் ஹவ் ஹி ஈஸ்.' 'நீதான் எடுத்தியா?' என்பதற்கு 'யூ ஒன்லி டுக் இட்?' வேண்டாம். 'வாஸ் இட் யூ ஹூ டுக் இட்?' இந்தக் கடைசி அமைப்பு ஆளைச் சுட்டும் 'தான்' எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'அவர்தான் கையெழுத்து போட்டார்' என்றால் 'இட் வாஸ் ஹி ஹூ சைன்ட்.'

நாகலூர் காபி

இந்திய ஆங்கிலம் என்று ஒரு வழக்கு இருக்கிறதே? 'லைக் தட் ஒன்லி' என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் புரிகிறது. அதை ஏன் பிழை என்கிறோம்?

கருப்பூர் ஆசிரியை

நமக்குள் பேசும்போது அது முழுமையான, விதிகளுள்ள வழக்கு. அதில் எனக்கு மறுப்பில்லை; மாணவர் வீட்டில் பேசுவதை நான் திருத்தச் சொல்லமாட்டேன். எதிரே இருப்பவர் தமிழோ இந்தியோ அறியாதவர் என்றால், நாம் உறுதி சொல்கிற இடத்தில் அவர் விலக்கைப் படிக்கிறார். காபி வாக்கியத்தில் நடப்பது அதுதான். புரியாமல் போவதைவிட, வேறாகப் புரிவது பெரிய தொல்லை. தேர்வு, ஒப்பந்தம், வெளியூர் விருந்தினர் படிக்கும் பலகை இவற்றுக்கு மட்டுமே என் திருத்தம்.

அஸ்தம்பட்டி டிடிபி

மொழிபெயர்க்க வர்ற தாள்கள்ல ரொம்பக் கெடுதல் பண்றது எதிர்மறையோட சேர்ந்த 'மட்டும்'. 'எனக்கு மட்டும் போனஸ் தரவில்லை.' அர்த்தம்: எல்லாருக்கும் கொடுத்தாங்க, எனக்கு இல்லை. அதை 'தே டிட் நாட் கிவ் தி போனஸ் ஒன்லி டு மீ'ன்னு எழுதுறாங்க. ஆங்கிலத்துல 'நாட்', 'ஒன்லி'யைப் பிடிச்சுக்கும். 'எனக்கு மட்டும் கொடுக்கலை, மத்தவங்களுக்கும் கொடுத்தாங்க', அதாவது எனக்கும் வந்துச்சுன்னு ஆயிடும். புகார் மனுவுல இது தலைகீழ்.

சரியான வடிவம் ரெண்டு: 'எவ்ரிஒன் எக்செப்ட் மீ வாஸ் கிவன் தி போனஸ்', இல்லைன்னா 'ஐ வாஸ் தி ஒன்லி ஒன் ஹூ வாஸ் நாட் கிவன் தி போனஸ்.' தமிழ்ல 'மட்டும்' பக்கத்துல 'இல்லை', 'வில்லை' பார்த்தாலே 'எக்செப்ட்' பத்தி யோசிங்க.

ஐந்துரோடு பயிற்சி

'நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ' பற்றிச் சுருக்கமாக: இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல் வர வேண்டும். 'தே நாட் ஒன்லி செல் காஃபி பட் ஆல்ஸோ பெப்பர்' பிழை. ஒரு பக்கம் வினை, மறுபக்கம் பெயர். 'தே செல் நாட் ஒன்லி காஃபி பட் ஆல்ஸோ பெப்பர்' சரி.

இன்னும் இரண்டு கூட்டுச் சொற்கள் தேர்வில் ஏமாற்றும். 'ஒன்லி டூ' என்றால் குறைவு அல்ல, மிகுதி: 'ஐ ஆம் ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்' என்றால் மிக மகிழ்ச்சியோடு உதவுகிறேன். 'ஒன்லி டு' பின்னால் வினை வந்தால் ஏமாற்றமான முடிவு: 'ஹி ரேன் டு தி ஜங்ஷன் ஒன்லி டு ஃபைண்ட் தி ட்ரெயின் கான்.' ஓடினார், போய்ப் பார்த்தால் ரயில் போய்விட்டது. ரயில் போனதைப் பார்ப்பதற்காக மட்டும் ஓடினார் என்று பெயர்க்கக் கூடாது.

லூப்ரோடு விடுதி

எல்லாத்தையும் வெச்சு இப்படி எழுதியிருக்கேன்:

1. ப்ளீஸ் பார்க் ஒன்லி இன் தி ரியர் யார்ட்.
2. ரூம்ஸ் ஆர் அலாட்டட் ஒன்லி ஆஃப்டர் தி அட்வான்ஸ் ஈஸ் பெய்ட்.
3. கிச்சன்: ஸ்டாஃப் ஒன்லி.
4. கேன்சல் அட் லீஸ்ட் 48 அவர்ஸ் பிஃபோர் செக்-இன் ஃபார் எ ஃபுல் ரீஃபண்ட். நோ ரீஃபண்ட் ஆஃப்டர் தட்.
5. தி காஃபி வீ சர்வ் ஈஸ் க்ரோன் ஆன் அவர் ஓன் எஸ்டேட்.

சரிங்களா?

அஸ்தம்பட்டி டிடிபி

சரியா இருக்குங்க. பெயின்டர்கிட்ட கொடுக்கிறப்ப வரி எங்க மடங்கணும்னு நீங்களே கோடு போட்டுக் கொடுங்க. பலகை அகலம் பத்தாட்டி அவர் நினைச்ச இடத்துல உடைப்பார். 'ப்ளீஸ் பார்க் ஒன்லி' ஒரு வரி, 'இன் தி ரியர் யார்ட்' அடுத்த வரின்னு வந்தா, தூரத்துல வண்டியில இருந்து பார்க்கிறவருக்கு முதல் வரி மட்டும் தனியா கண்ணுல படும். 'ப்ளீஸ் பார்க்' மேல, 'ஒன்லி இன் தி ரியர் யார்ட்' கீழ. ரெண்டாவதுல 'ஒன்லி ஆஃப்டர்' ரெண்டும் ஒரே வரியில இருக்கட்டும். மூணாவதுல 'ஸ்டாஃப் ஒன்லி' பிரியவே கூடாது. அதை மட்டும் தனிப் பலகையா சமையலறைக் கதவுல, கண் உயரத்துக்கு மாட்டிடுங்க. வாசல் பலகையில அது தேவையில்லை.

லூப்ரோடு விடுதி

அப்போ வாசல் பலகையில நாலு வரிதான். எழுத்து அளவைக் கொஞ்சம் பெருசாக்கிக்கிறேங்க.